நெல்லுக்குப் போர்த்திய கார் சீட்

வேனுக்குள் கக்கூஸ் வைப்பதா வேண்டாமா என்பதில் எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் பத்து நாள் பேச்சு இல்லாமல் போயிற்று. வேலை பார்த்ததென்னவோ ஒரே ஷெட்டில்தான். அவருக்கு ஸ்பானர் வேண்டுமென்றால் சுவரைப் பார்த்துக் கேட்பார். நானும் சுவரைப் பார்த்துக்கொண்டே எடுத்துக் கொடுப்பேன்.

தாராசுரத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, மெயின் ரோட்டை ஒட்டி இருக்கிறது எங்கள் ஷெட். பழைய கார்களைப் புதுப்பித்துக் கொடுக்கிறோம். இன்ஜின், டிங்கரிங், பெயின்ட் எல்லாம் அவர். சீட், உள்கூரை, கதவு அட்டை எல்லாம் நான். கல்யாணத்துக்கு முன்னால் நான் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தவள். ஒருமுறை சீட் தைக்கிற ஆள் மாதக்கணக்கில் இழுத்தடித்ததால், பொறுக்க முடியாமல் ஒரு பழைய சீட்டை நானே பிரித்துப் பார்த்தேன். ஸ்பிரிங், அதன்மேல் சாக்கு, அதன்மேல் தென்னை நார், மேலே துணி. அவ்வளவுதான். ஜாக்கெட்டைவிடச் சுலபம். இடுப்பில் பிடிக்கிறது என்று எந்த சீட்டும் திரும்பி வராது.

அடுத்தவர் கார்களையே எத்தனை நாள் பார்ப்பது, நமக்கென்று ஒன்று செய்வோம் என்று ஆரம்பித்ததுதான் அந்த வேன். ஒரு பள்ளிக்கூடம் கழித்துப் போட்டது. ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக வேலை செய்து, சீட்டுகளைக் கழற்றிக் கட்டில் போட்டோம். அடுப்புமேடை, கை கழுவத் தொட்டி, கூரையில் தண்ணீர் டேங்க், இரண்டு ஃபேன். சாப்பாட்டு மேசையின் பலகையைத் தூக்கினால் உள்ளே என்னுடைய கால் தையல் மிஷின் இருக்கும். அது அவருடைய யோசனை. அதற்காகவே நான் அவரை ஒரு வாரம் புகழ்ந்தேன். அதற்கப்புறம்தான் கக்கூஸ் பேச்சு வந்தது.

"தமிழ்நாட்டுல பெட்ரோல் பங்க் இல்லாத ஊரு எங்க இருக்கு?" என்றார்.

"நீங்க போயிட்டு வந்துடுவீங்க. சாவி யாருகிட்ட இருக்குன்னு கேட்டு அங்க நிக்கிறது நானு."

பதினோராம் நாள் காலையில் ஷெட்டுக்குப் போனால், அவர் ஆசையாகச் செய்த துணி அலமாரியைக் காணோம். அந்த இடத்தில் கதவு போட்ட சின்ன அறை. உள்ளே பீங்கான், கீழே கழற்றி எடுக்கிற மாதிரி டேங்க். டீ போட்டு, அவர் முகத்தைப் பார்த்துக் கொடுத்தேன்.

அந்தச் சமயத்தில் ஷெட்டில் திருவிடைமருதூர் டாக்டர் ஒருவரின் கார் இருந்தது. அவருடைய அப்பா ஓட்டிய வண்டி. வருஷக்கணக்காக மாட்டுக்கொட்டகையில் கிடந்து, பின் சீட்டில் ஒரு கோழி அடையே காத்திருந்தது. அதை எடுத்து ஓட்ட வைத்து, டீச்சராக இருக்கும் தன் மனைவி ரிட்டயர் ஆகிற நாளில் அதிலேயே பள்ளிக்கூடத்திலிருந்து அவரை வீட்டுக்கு அழைத்து வரவேண்டும் என்பது டாக்டரின் ஆசை. பழைய சீட்டின் அதே மெரூன் நிறம் வேண்டுமென்று சென்னையில் கடை கடையாக ஏறி இறங்கி, ஒரு ரோல் ரெக்ஸின் வாங்கி வந்திருந்தார். "ஒரு சாண்கூட வீணாகக் கூடாதும்மா. இனிமே இந்தக் கலர் கிடைக்காது" என்று சொல்லித்தான் என் கையில் கொடுத்தார்.

வேனின் முதல் பயணம் தரங்கம்பாடிக் கடற்கரைக்கு என்று முடிவு செய்தோம். நாலு நாள் இருக்கலாம், அவர் மீன் வாங்கி வருவார், நான் கடலைப் பார்த்தபடி டாக்டர் கார் சீட்டைத் தைத்து முடித்துவிடலாம் என்று ரெக்ஸின் ரோலையும் ஏற்றிக்கொண்டோம். புறப்படுகிற நேரத்தில் என் அக்கா போன் செய்தாள்.

அக்கா கீழ்வேளூர் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறாள். எங்கள் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலிக்கு நட்டவர்கள். அக்கா அதே ஊரில் சொந்தமாகக் கொஞ்சம், குத்தகைக்குக் கொஞ்சம் என்று பயிர் வைக்கிறாள். அத்தான் வளைகுடாவில் டிரைவர். குறுவை அறுத்து நெல்லைக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனவள், அங்கேயே மாட்டிக்கொண்டாள். சாக்கு வரவில்லை, முன்னால் எடை போட்ட மூட்டைகளும் லாரி ஏறவில்லை.

"நாலு நாளா நெல்லோட கெடக்கேன்டி. ராத்திரி பன்னி, பகல்ல ஆடு. விட்டுட்டு நவுர முடியல. அந்த வண்டிய எடுத்துக்கிட்டு வர்றியா? ஒரு நேரம் காலை நீட்டிப் படுக்கணும்."

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே, "தரங்கம்பாடி எங்கயும் போயிடாது" என்றார்.

கொள்முதல் நிலையம் ஊருக்கு வெளியே, வாய்க்கால் ஓரத்துத் திடலில் இருந்தது. களம் நிறைந்து, ரோட்டோரம் வரை நெல் குவியல்கள். எங்கள் மஞ்சள் வேன் போய் நின்றதும் பத்துப் பேர் சூழ்ந்துகொண்டார்கள். "ஷூட்டிங்கா?" என்று ஒருவர் கேட்டார். "ஊசி போட வந்திருக்காங்க" என்று இன்னொருவர் அவருக்குப் பதில் சொன்னார். அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "எந் தங்கச்சி வூடு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு உள்ளே ஏறினாள். கால் கழுவினாள், கட்டிலில் விழுந்தாள். சாயங்காலம்தான் எழுந்தாள். அதுவரை அவள் குவியலுக்கு நான் காவல். அவர் ஆடு விரட்டினார்.

அக்கா எழுந்து கக்கூஸைப் பார்த்தாள். பார்த்ததை யாரிடமோ சொல்லியும் இருக்கிறாள். கொஞ்ச நேரத்தில், ஐம்பது வயதுக்கு மேலிருக்கும் ஒரு அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு கேட்டார்: "பாப்பா, உள்ள அது இருக்காமே?"

"இருக்கும்மா. போயிட்டு வாங்க."

திடலில் அன்று பன்னிரண்டு பெண்கள் இருந்தார்கள். இருட்டுகிறவரை அடக்கிக்கொண்டு இருந்தவர்கள். தண்ணீரே குடிக்காமல் வெயிலில் நெல்லைக் காலால் துழாவிக்கொண்டிருந்தவர்கள். மறுநாளிலிருந்து எல்லோரும் தண்ணீர் குடித்தார்கள். அதன் பலனாகத் தினமும் காலையில் டேங்கை அக்கா வீட்டுக்கு எடுத்துப்போய்க் கொட்டிக் கழுவி வரும் வேலை என் வீட்டுக்காரருக்கு வந்தது. முதல் நாள் திரும்பி வந்தவர் என்னைப் பார்த்து, "நீ ஒண்ணும் சொல்லாத" என்றார். மத்தியானம் அவரே கதவுக்கு உள்ளிருந்து இன்னொரு தாழ்ப்பாள் போட்டு, ஏறி இறங்க ஒரு படியும் வைத்தார். அந்த அம்மாவுக்கு முழங்கால் வலி.

மூன்றாம் நாள் கிழக்கே கறுத்தது.

எல்லோரும் தார்ப்பாய்களை எடுத்து உதறினார்கள். அப்போதுதான் தெரிந்தது, பாதித் தார்ப்பாய் ஓட்டை. எலி கடித்தது, காற்றில் கிழிந்தது, போன வருஷம் மடித்த இடத்திலேயே இற்றுப்போனது. கடைக்குப் போய்ப் புதிது வாங்கிவர நேரமில்லை. நான் மேசைப் பலகையைத் தூக்கி மிஷினை வெளியே எடுத்தேன். ரெக்ஸின் தைக்கிற தடித்த ஊசி, நைலான் நூல், எல்லாம் இருந்தது. ஒட்டுப்போடத்தான் துணி இல்லை. சாக்கை வைத்துத் தைத்தால் தண்ணீர் இறங்கும். பிளாஸ்டிக் உர மூட்டையை வைத்தேன், ஊசி போட்ட இடமெல்லாம் கிழிந்து வந்தது.

நானும் அவரும் ஒரே நேரத்தில் அந்த மெரூன் ரோலைப் பார்த்தோம்.

"டாக்டர்?" என்றார் அவர்.

"அவருகிட்ட நான் பேசிக்கிறேன்."

"நீயா?"

"நீங்க பேசினா மன்னிப்புக் கேட்டுக்கிட்டே இருப்பீங்க. நான் விஷயத்தச் சொல்லுவேன்."

கத்திரிக்கோலை எடுத்தேன். முதலில் உள்ளங்கை அகலத்துக்கு வெட்டினேன். அப்புறம் முழம் முழமாக வெட்டினேன். இரண்டு பெண்கள் தார்ப்பாயை இழுத்துப் பிடிக்க, நான் மிதித்தேன். தைத்தது வெளியே வர வர, அவர் தையல்மேல் பஞ்சர் ஒட்டுகிற சொல்யூஷன் தடவி இன்னொரு பக்கம் அழுத்திக் காயவைத்தார். கடைசித் தார்ப்பாய் குவியல்மேல் ஏறவும் முதல் சொட்டு விழவும் சரியாக இருந்தது.

மழையென்றால் அப்படியொரு மழை. காற்று தார்ப்பாயைத் தூக்கப் பார்த்தது. கல், மண்வெட்டி, எங்கள் ஜாக்கி, ஸ்டெப்னி டயர், கையில் கிடைத்த கனமான பொருளெல்லாம் ஓரங்களில் ஏறின. ஒரு ஓரத்துக்கு ஒன்றும் கிடைக்காமல் என் வீட்டுக்காரரே அதன்மேல் படுத்துக்கொண்டார். அக்கா அதைப் பார்த்துவிட்டு மழைச் சத்தத்துக்கு மேல் கத்தினாள்: "தம்பி, அது நம்ம நெல்லு இல்ல!"

"யாரு நெல்லா இருந்தா என்ன அண்ணி, படுத்தாச்சு!"

மழை விட்டதும் ஒவ்வொரு தார்ப்பாயாகத் தூக்கிப் பார்த்தோம். மேல்நெல் காய்ந்தே இருந்தது. முழங்கால் வலிக்கார அம்மாவின் குவியலில் மட்டும் அடியில் தண்ணீர் புகுந்திருந்தது. நனைந்ததை வாரிக்கொண்டு வந்து வேனுக்குள் கட்டில்மேல், தரைமேல், அடுப்புமேடைமேல்கூடப் பரப்பி, இரண்டு ஃபேனையும் போட்டுவிட்டோம். நெல் மெத்தையில் படுத்தது. நாங்கள் டிரைவர் சீட்டில் ஒருவரும் பக்கத்து சீட்டில் ஒருவருமாக உட்கார்ந்தபடியே தூங்கினோம்.

விடிந்ததும் டாக்டருக்குப் போன் செய்தேன். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். கடைசியில் அவர், "எந்த ஊரு?" என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டார். பத்து மணிக்கு அவருடைய இன்னொரு கார் வந்து நின்றது.

இறங்கியவர் என்னிடம் நேராக வந்தார். "என் சீட்டு எங்கம்மா?"

"அந்தா, நெல்லு பக்கத்துல கெடக்கு சார்."

வெயிலுக்காகத் தார்ப்பாய்களை மடித்துக் குவியல் பக்கத்தில் போட்டிருந்தார்கள். எங்கு பார்த்தாலும் மெரூன். டாக்டர் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். ஒரு ஒட்டைக் குனிந்து பிடித்து, இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார்.

"தையல் பிரியலையே."

"கார் சீட்டுக்குப் போடுற டபுள் தையல் சார்."

அவருக்குச் சிரிப்பு வந்ததை அப்போதுதான் பார்த்தேன். என் வீட்டுக்காரர் அதுவரை வேனுக்குப் பின்னால், இல்லாத ஏதோ ரிப்பேரைப் பார்த்துக்கொண்டிருந்தவர், மெல்ல வெளியே வந்தார்.

வந்தவர் டாக்டர் என்று தெரிந்ததும் பெண்கள் அவரை விடவில்லை. வேன் படியில் உட்கார வைத்துவிட்டார்கள். ஒருவருக்கு முழங்கால், ஒருவருக்குச் சேற்றுப்புண், ஒருவருக்கு வளைகுடாவிலிருக்கும் மகனின் சர்க்கரை. எல்லோருக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். அக்கா வாய்க்கால் கெண்டையில் குழம்பு வைத்திருந்தாள். அதைச் சாப்பிட்டு, கை கழுவிவிட்டு, மனைவிக்குப் போன் போட்டார். மெரூன் முன் சீட்டுக்கு மட்டும்தான் காணும், பின் சீட்டுக்கு வேறு நிறம்தான் போடவேண்டியிருக்கும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். எதிர்முனையில் டீச்சரம்மா பேசியது எங்களுக்கும் கேட்டது. வகுப்பறைக் குரல்.

"அந்த மெரூன் எனக்குப் பிடிக்கவே பிடிக்காதுன்னு கல்யாணமான நாள்லேர்ந்து சொல்லிக்கிட்டிருக்கேன். நீங்க எப்பக் கேட்டிருக்கீங்க? நான் உட்கார்ற சீட்டு கிரீம் கலர்ல இருக்கட்டும்."

டாக்டர் போனை அணைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். "கிரீம் கலராம்" என்றார்.

அதற்கப்புறம் இரண்டு நாள் நல்ல வெயில். சாக்கும் வந்து சேர்ந்தது. அக்காவின் முறை வந்தபோது, ஈரம் பார்க்கிற மிஷினில் ஒரு பிடி நெல்லைப் போட்டுப் பார்த்தவர், "எடுத்துக்கலாம், அடுத்தது" என்றார். அவருக்கு அது அன்றைய நாளில் நாற்பதாவது முறை சொல்வதாக இருந்திருக்கும். அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாள். எதற்குச் சிரிக்கிறாய் என்று கேட்டால் இன்னும் சிரித்தாள். மூட்டைகள் ஏறியதும் அவளையும் கூட்டிக்கொண்டு தரங்கம்பாடிக்குப் போனோம். கடலைப் பார்த்து ஒரு மணி நேரம்கூட உட்காரவில்லை அவள். வேனுக்குள் போய் நெல் பொறுக்க ஆரம்பித்துவிட்டாள். மெத்தை இடுக்கு, அடுப்புச் சந்து, ஃபேன் கூடு என்று அவள் பொறுக்கி எடுத்தது இரண்டு படி தேறியது. அதை அந்த முழங்கால் வலிக்கார அம்மாவிடம் கொடுக்கவேண்டும் என்று தனியாக முடிந்து வைத்துக்கொண்டாள்.

டாக்டர் காரை, சொன்ன நாளுக்கு முந்தின நாள் முடித்தோம். முன்னால் மெரூன், பின்னால் கிரீம், இரண்டையும் சேர்க்க மெரூன் சீட்டின் ஓரத்தில் கிரீம் பைப்பிங், கிரீம் சீட்டின் ஓரத்தில் மெரூன் பைப்பிங். எனக்கே அது துணி போதாமல் ஒப்பேற்றியது மாதிரி இல்லை, திட்டம் போட்டுச் செய்தது மாதிரி தெரிந்தது. ஏதாவது மக்கர் செய்தால் பார்த்துக்கொள்ள நாங்களும் பள்ளிக்கூட வாசலுக்குப் போயிருந்தோம். டீச்சரம்மா கழுத்தில் மாலையோடு வந்து, பின் சீட்டை உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். பிள்ளைகள் எல்லோரும் கை தட்டினார்கள்.

டாக்டர் பெருமையாக வண்டியை எடுத்தார், ஹேண்ட் பிரேக்கை விடாமலேயே. கார் முனகிக்கொண்டு நகர்ந்தது. என் வீட்டுக்காரர் பின்னாலேயே ஓடினார். "சார், ஹேண்ட் பிரேக்கு! ஹேண்ட் பிரேக்கு!" என்று இரண்டு கையையும் ஆட்டிக் கத்தினார். டீச்சரம்மா திரும்பிப் பார்த்து, வழியனுப்புகிறார் என்று நினைத்து, கண்ணாடியை இறக்கி, தெரு முனை திரும்புகிறவரை அவருக்குக் கை காட்டிக்கொண்டே போனார்.