பக்கம் தப்பினால் பூஜ்யம்

எனக்கு வலது எது, இடது எது என்று தெரியாது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு மருத்துவக் கல்லூரியில் பதினான்கு வருடமாக உடற்கூறியல் சொல்லிக் கொடுக்கிறேன். எல்லாமே இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று ஜோடியாக இருக்கிற பாடம் அது. ஆட்டோக்காரரிடம் "ரைட்ல திருப்புங்க" என்பேன், அவர் திருப்பியதும் "ஏங்க இந்தப் பக்கம் போறீங்க?" என்று சண்டைக்கும் போவேன். "இனிமே வாயால சொல்லாதீங்க, கையை நீட்டிக் காட்டுங்க" என்று கல்யாணமான புதிதிலேயே என் மனைவி சட்டம் போட்டுவிட்டாள்.

எப்படி இத்தனை காலம் தள்ளினேன் என்றால், சாப்பிடுகிற கை வலது. யாராவது பக்கம் கேட்டால் மனதுக்குள் ஒரு கவளம் தயிர்சாதம் எடுப்பேன். எந்தக் கை வாய்க்குப் போகிறதோ அது வலது. அரை விநாடி வேலை. சார் ஆழமாக யோசிக்கிறார் என்று மாணவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

இப்படிப்பட்டவன் கெடுபிடியிலாவது கொஞ்சம் அடங்கி இருந்திருக்கலாம். இருக்கவில்லை. வருட ஆரம்பத்தில் ஒரு விதிமுறைத் தாள் அச்சடித்துக் கொடுப்பேன். ஐந்து நிமிடம் தாமதமானால் கதவு சாத்தப்படும். ரெக்கார்டு நோட்டில் படத்தை அடுத்தவர் வரைந்தது தெரிந்தால் முழு நோட்டும் மறுபடி எழுத வேண்டும். கருணை மதிப்பெண் கிடையாது. பலகையில் ஒட்டிய மதிப்பெண்ணைப் பற்றி வாதாட வந்தால் இருப்பதில் ஒன்று குறையும். இதற்கெல்லாம் மேலே, தடித்த எழுத்தில்: 'எலும்பின் பக்கம் தப்பினால், மற்றதெல்லாம் சரியாக இருந்தாலும், பூஜ்யம்.' வலது காலுக்குப் பதிலாக இடது காலை அறுக்கிற டாக்டரை என் வகுப்பு உருவாக்காது என்று ஒரு உரையும் ஆற்றுவேன். உரை முடிகிற வரை இரண்டு கைகளையும் பேண்ட் பைக்குள் பத்திரமாக வைத்திருப்பேன்.

போன அறுவடையின்போது, தாராசுரம் தாண்டி சாலையில் பாதிக்கு நெல் காயப் போட்டிருந்தார்கள். லாரிக்கு ஒதுங்குகிறேன் என்று வண்டியை நெல்லின் மேல் ஏற்றினேன். வண்டி ஒரு பக்கம் போயிற்று, நான் ஒரு பக்கம் போனேன். எந்தப் பக்கம் என்று கேட்காதீர்கள். நெல்லுக்காரர் ஓடி வந்து முதலில் நெல்லைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"நெல்லு மேல விழுந்ததால பொழச்சீங்க சார். தார் ரோட்டுல விழுந்திருந்தா என்ன ஆயிருக்கும்?"

நெல் இல்லாவிட்டால் விழுந்தே இருக்க மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. மணிக்கட்டில் எலும்பு விட்டிருந்தது. விரல் நுனி முதல் முழங்கைக்குக் கீழே வரை மாவுக்கட்டு. ஆறு வாரம் மற்றக் கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிட்டேன். முதல் வாரம் சாதம் மூக்குக்குப் போயிற்று. மூன்றாவது வாரத்தில் ரசம்கூடச் சிந்தாமல் தேறிவிட்டேன்.

ஆறாவது வாரம், அந்தக் கட்டோடுதான் முதலாண்டு உள்மதிப்பீட்டுத் தேர்வை நடத்தினேன். வரிசையாக மேசைகள். மேசைக்கு ஒரு எலும்போ உறுப்போ இருக்கும். மணி அடித்தால் அடுத்த மேசைக்கு நகர வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண். கடைசி மேசையில் ஒரு தொடை எலும்பு. விடைக்குறிப்பை நானே தயாரித்தேன். எலும்பைத் தூக்கிப் பார்த்து, கண்ணை மூடி, மனதுக்குள் ஒரு கவளம் எடுத்து, 'வலது' என்று எழுதினேன்.

திருத்த உட்கார்ந்தால் வகுப்பு முழுக்க 'இடது' என்று எழுதியிருந்தது. எல்லோருக்கும் பூஜ்யம். ஒரே ஒருவன் மட்டும் 'வலது'. திருத்துறைப்பூண்டிப் பையன், அப்பா சம்பா போடுகிறவர். மற்ற மேசைகளில் தடுமாறியிருந்தான். இந்த இரண்டு மதிப்பெண்தான் அவனைச் சரியாகப் பாதிக்குத் தூக்கிவிட்டிருந்தது. பாதி வாங்காதவன் பல்கலைக்கழகத் தேர்வு எழுத முடியாது. ஆறு மாதம் பின்தங்கி, நண்பர்களை இழந்து, தனியாக நிற்க வேண்டும்.

மறுநாள் வகுப்பில் அவனை எழுப்பி நிறுத்தினேன். "கண்ணு இருக்கிற ஒரே ஆளு இவன்தான். மத்தவங்க எல்லாம் ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் எழுதியிருக்கீங்க!" யாரும் வாய் திறக்கவில்லை. வாதாடினால் ஒன்று குறையுமே. அன்று சாயங்காலமே அவன் அப்பா போன் செய்தார்.

"சார், புள்ள பரீட்சை எழுதலாம்னு சொன்னான். வயல்ல நின்னுதான் பேசுறேங்க. ரொம்ப சந்தோஷம்ங்க."

எனக்கும் சந்தோஷம். அது அடுத்த நாள் காலை வரை நீடித்தது. எங்கள் துறை அட்டெண்டர் எலும்புகளை அடுக்கிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்.

"சார், அந்தத் தொடை எலும்பு இடதுங்க."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பெட்டி மேல எழுதியிருக்குங்க."

பெட்டியைப் பார்த்தேன். மாவுக்கட்டைப் பார்த்தேன். ஸ்பூன் பிடிக்கிற கையைப் பார்த்தேன். ஆறு வாரத்தில் என் தயிர்சாதம் கட்சி மாறியிருந்தது.

அந்தப் பெட்டியைப் பரணில் போட்டுவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். திருத்தினால் வகுப்பு முழுவதற்கும் இரண்டு கூடும். அவன் ஒருவனுக்கு மட்டும் இரண்டு போகும். வயலில் நின்று பேசியவருக்கு நான் என்ன சொல்வது? துறைத்தலைவரிடம் போனேன். பணி ஓய்வுக்கு ஒரு வருடம் இருக்கிற அம்மா. தயிர்சாதம் வரை ஒன்று விடாமல் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"பதினாலு வருஷமாவா?"

"ஆமா மேடம்."

"மத்தவங்களுக்கு மார்க்கைப் போடுங்க."

"அவனுக்கு மேடம்? எல்லாருக்கும் பொதுவா ரெண்டு குடுத்துட்டா..."

"கருணை மார்க் கிடையாதுன்னு அச்சடிச்சது யாரு? அவனுக்கு வேற எலும்பு குடுத்துப் பக்கம் கேளுங்க. சொன்னா ரெண்டு, சொல்லலேன்னா இல்ல. நானும் வந்து உக்காருறேன். உங்களை நம்பித் தனியா விட முடியாது."

மத்தியானம் பையன் வந்தான். விஷயத்தைச் சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது. மேடமே ஒரு மேற்கை எலும்பை எடுத்து நீட்டினார். அவன் அதை வாங்கினான். தன் தோளோடு சேர்த்துப் பிடித்தான். கீழே இறக்கினான். மறுபடி பிடித்தான். நானும் என் பங்குக்கு ஒரு கவளம் எடுத்துப் பார்த்தேன். அது எந்தக் கை என்று எனக்கே நம்பிக்கை வரவில்லை.

"தலை உள்பக்கம் பார்க்குது. கீழே இருக்கிற பெரிய குழி பின்பக்கம் வருது. இது வலதுங்க மேடம்."

நான் மேடத்தின் முகத்தைப் பார்த்தேன். அவனும் அதைத்தான் பார்த்தான். அவர் பேனாவை எடுத்து, அவன் பெயருக்கு எதிரே இருந்த இரண்டை அடிக்காமல், பக்கத்தில் ஒரு கையெழுத்து மட்டும் போட்டுவிட்டு எழுந்து போனார்.

எனக்கு மூச்சு வந்தது. மூச்சு வந்ததும் வாத்தியார் புத்தியும் வந்துவிட்டது.

"இவ்வளவு சுத்தமா சொல்றியே, அன்னிக்கு அந்தத் தொடை எலும்புல என்ன வந்துச்சு உனக்கு? வகுப்பு மொத்தமும் சரியா எழுதியிருக்கு, நீ மட்டும் எங்கேருந்துப்பா வலதுன்னு புடிச்சே?"

அவன் எலும்பை மேசையில் மெதுவாக வைத்தான்.

"வகுப்புல நீங்க சொன்னதைத்தான் எழுதினேன் சார்."