மரண அறிவித்தல்காரரின் நல்ல செய்தி

பரந்தனில் கதிர்காமநாதனின் குரலுக்குப் பயப்படாதவர்கள் இரண்டே பேர். ஒன்று அவருடைய மனைவி சுதாஜினி. மற்றது நான். நானும் பயந்தால் ஓட்டோவை யார் ஓட்டுவது? அவர் மைக்கைப் பிடித்து மரண அறிவித்தல் சொல்வார். கூரையில் இரண்டு ஒலிபெருக்கி கட்டிய என் ஓட்டோவை நான் ஒழுங்கை ஒழுங்கையாக உருட்டுவேன். பதினாலு வருடமாக இதுதான் எங்கள் தொழில்.

ஆள் மெத்தச் சாது. முன்பு அரிசி ஆலையில் மூட்டை தூக்கியவர். ஆலை இரைச்சலுக்கு மேலால் அவருடைய குரல் றோட்டுவரை கேட்பதைக் கண்ட சவுண்ட் சேர்விஸ்காரர் ஆளைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து எங்கள் ஓட்டோ ஒழுங்கைக்குள் திரும்பினால் சனம் ரேடியோவை நிறுத்திவிட்டுப் படலைக்கு ஓடி வரும். செத்தவர் தெரியாத ஆள் என்றால் பெருமூச்சு விட்டுவிட்டு உள்ளே போகும். வீட்டிலும் இதே கரைச்சல்தான். பிள்ளைகளை முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட சுதாஜினி அக்கா விடமாட்டா.

"உங்கட வாயால முழுப்பேர் வரக்கூடாது" என்பா.

ஒருமுறை புடவைக்கடைத் திறப்புவிழா ஒன்று கிடைத்தது. "மாபெரும் மலிவு விற்பனை" என்று அவர் தொடங்கியதுமே மூன்று அம்மாமார் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். ஒருவர் சைக்கிளை நிறுத்தி, பிரேதம் எடுக்கிறது எத்தனை மணிக்கு என்று என்னிடம் கேட்டார். கடைக்காரர் அன்று மத்தியானமே வேறு ஆளைப் பிடித்தார். கதிரண்ணைக்கு அந்தக் காயம் ஆறவில்லை.

"என்ர வாயால ஒரு நல்ல செய்தி சொல்லிப்போட்டுத்தான் சாகோணும், சிறாஜ்" என்பார் அடிக்கடி.

அந்த ஆசைக்கு வந்து வாய்த்தவள் ராஜினி. வாய்க்கால் கரையில் இருக்கும் கணபதி அண்ணையின் மகள். பதினேழு வயது, நாலடி ஒன்பது அங்குலம். இரண்டு வருடத்துக்கு முன் ஹொக்கி மட்டையை எந்தப் பக்கம் பிடிப்பதென்று தெரியாமல் மைதானத்துக்கு வந்தவள். அடுத்த வருடமே மாகாண அணியில் முன்வரிசையில் நின்றாள். அவள் ஆடும் நாளில் கதிரண்ணை செத்த வீட்டு வேலையைக்கூட மதியத்துக்குள் முடித்துவிடுவார்.

மைதானத்தில் அவளைப் புகழ்வதற்குப் போட்டியே நடக்கும்.

"மட்டை தனிய நடந்து வருதெண்டு நினைச்சன். பிறகுதான் பிள்ளையைக் கண்டன்" என்பார் ஒருவர்.

"மற்றப் பக்கத்துக்காரியள் இவளைத் தேடிக் குனியேக்க பந்து வலைக்குள்ள" என்பார் இன்னொருவர்.

விளையாட்டுக் கழகத் தலைவர் ராஜரத்தினம் மட்டும் கொஞ்சம் தள்ளி நிற்பார். முதல் நாள் அவளைப் பார்த்து, "இந்த உயரத்துக்கு இருந்துகொண்டு கரம்போட் விளையாடலாம்" என்று சொன்னவர் அவர்தான்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ராஜினி தேசிய இளையோர் அணிக்குத் தெரிவான செய்தி வந்தது. ஞாயிறு நாலு மணிக்குப் பரந்தன் சந்தியில் வரவேற்பு என்று கழகம் முடிவெடுத்தது. ஊருக்கு யார் அறிவிப்பது என்ற கேள்வி வந்ததும் கதிரண்ணை எழும்பி நின்றார். எல்லோரும் நிலத்தைப் பார்த்தார்கள்.

"உங்களுக்குக் கன வேலை இருக்குமே" என்றார் ராஜரத்தினம்.

"இந்தக் கிழமை ஒருத்தரும் சாகேல்லை" என்றார் கதிரண்ணை. வேலை அவருக்கே போனது.

சனி காலை ஆள் மினுக்கிய சட்டையோடு வந்தார். "மகிழ்ச்சியான செய்தி" என்று தொடங்கி ஒரு பக்கம் எழுதியிருந்தார். வாசித்துக் காட்டினார், நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மைக்கைப் பிடித்ததும் கண் கடதாசியில் நிற்க, வாய் தன் பழைய பாதையில் போய்விட்டது.

"கனகராயன்குளத்தைப் பிறப்பிடமாகவும், பரந்தனை வதிவிடமாகவும் கொண்ட கணபதி ராஜினி அவர்கள் நேற்று வெள்ளிக்கிழமை..."

அந்த ஒழுங்கையில் அதற்குமேல் ஒருவரும் கேட்கவில்லை. நான் பதறிப்போய் ஓட்டோவை முறுக்கிவிட்டேன், அது என் பிழை. "தேசிய அணிக்குத் தெரிவாகியுள்ளார்" என்ற பகுதி ஆளில்லாத வயலுக்குத்தான் கேட்டது. அடுத்த ஒழுங்கைக்குக் கிடைத்ததோ அதைவிட மோசம்.

"அன்னார் கணபதி வடிவம்மா தம்பதிகளின் அன்பு மகளும், ஜனார்த்தனனின் பாசமிகு சகோதரியும் ஆவார். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்."

"அண்ணை, அன்னாரை விடுங்கோ" என்று கத்தினேன்.

மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, "மரியாதையாச் சொல்லத்தானே வேணும்" என்றார்.

ஊர் பிழையாக எடுத்துவிட்டதென்று விளங்கி நாங்கள் திரும்பிப் போனபோது கணபதி அண்ணையின் முற்றம் நிறைந்திருந்தது. ராஜினி சப்பாத்தும் பிரஷ்ஷும் கையுமாகப் படலையில் நின்றாள். அழுதுகொண்டு வந்தவர்கள் அவளுடைய தலைக்கு மேலால் வீட்டைப் பார்த்தார்கள்.

"தள்ளு பிள்ளை, ராஜினியின்ர முகத்தை ஒருக்காப் பாக்கோணும்" என்று ஒரு அக்கா அவளையே விலக்கிவிட்டு உள்ளே போனா. குசினிக்குள்ளிருந்து வந்த வடிவம்மா, செத்தது யாரென்று தெரியாமலே தானும் சேர்ந்து அழத் தொடங்கினா.

"ரண்டு வருசத்தில எவ்வளவு உயரத்துக்குப் போன பிள்ளை" என்று ஒருத்தி ஒப்பாரி எடுத்தாள். மற்றவள், அவள் போட்ட கோல்களை ஊர் ஊராகச் சொல்லி அழுதாள். ராஜரத்தினம் தூணைப் பிடித்துக்கொண்டு தேம்பினார்.

"எனக்கு முதல் நாளே தெரியும். இவள்தான் வருவாள் எண்டு நான் அண்டைக்கே சொன்னனான்."

"எனக்கு அப்பிடிச் சொல்லேல்லையே நீங்கள்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

எல்லோரும் திரும்பினார்கள். யாரும் தெரியவில்லை. பிறகு கொஞ்சம் கீழே பார்த்தார்கள். ராஜரத்தினம் தூணை விடவே இல்லை.

சிரிப்பும் பேச்சும் அடங்க ஒரு மணித்தியாலம் ஆனது. கதிரண்ணை மட்டும் சிரிக்கவில்லை. மைக்கை என் கையில் தந்தார்.

"இனி இதைத் தொடமாட்டன். என்ர குரலுக்கு அந்த ஒண்டுதான் தெரியும்" என்றார். எனக்கு அவரைப் பார்க்கவே முடியவில்லை.

ராஜினி கிட்ட வந்தாள். "மாமா, நாளைக்கும் நீங்கள்தான் பேசோணும். இல்லாட்டி நான் சந்திக்கு வரமாட்டன்."

ஞாயிறு சந்தியில் சனம் கொள்ளவில்லை. பாதிப்பேர் அவள் உயிரோடிருப்பதைக் கண்ணால் பார்க்க வந்தவர்கள். ராஜினியை ஒரு கதிரையில் ஏற்றி நிறுத்தியிருந்தார்கள். கதிரண்ணை மைக்கைப் பிடித்தார்.

"கனகராயன்குளத்தைப்..." என்று தொடங்கி, நின்றுவிட்டார். பழைய வசனமும் வரவில்லை, புதிதும் வரவில்லை.

"ராஜினி இருக்கிறா" என்றார் கடைசியில். "உயிரோட இருக்கிறா. இந்தா, என்ர பக்கத்தில நிக்கிறா. கொழும்புக்குப் போய் விளையாடிப்போட்டு வீட்டுக்கு வருவா."

முதலில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அந்தச் சிரிப்பு மெல்ல மெல்ல நின்றது. பதினாலு வருடத்தில் அந்தக் குரல் ஒருவரைப் பற்றியும் இருக்கிறார் என்று சொன்னதில்லை. காணாமல்போன தங்கள் பிள்ளையைப் பற்றி அந்த ஒரு சொல்லைக் கேட்க முடியாதா என்று காத்திருக்கும் வீடுகள் எங்கள் பக்கம் எத்தனை என்று ஒழுங்கை ஒழுங்கையாக ஓட்டித் திரிந்த எனக்குத் தெரியும்.

முன்வரிசையில் நின்ற ஒரு அம்மா, "தம்பி, அதை இன்னொருக்காச் சொல்லுங்கோ" என்றா.

கதிரண்ணை சொன்னார்.