முன்சீற்றில் அம்மா

இன்று கராஜில் பிரேக் ஒயில் மணத்ததும், அச்சுவேலியில் இப்போது இல்லாத, தென்னோலைக் கிடுகு வேய்ந்த எங்கள் கொட்டிலுக்குள் நினைவில் போய்விட்டேன். அங்கே, வெங்காயம் ஏற்றும் பழைய பிக்கப்பின் கீழே அப்பா படுத்துக் குழாய்களை இறுக்க, அம்மா மேலேயிருந்து பிரேக்கை மிதித்துக் கொடுப்பாள்.

“பிடிக்குதில்லையப்பா. இண்டைக்குப் போகாதேங்கோ,” என்பாள் அம்மா.

“வெங்காயம் அழுகிப்போம். மெதுவாப் போவன்.”

அவர் திரும்பும் சத்தம் வீட்டுக்கு வரும் ஒழுங்கையில் கேட்கும்வரை அம்மா சாப்பிடமாட்டாள். ஒருநாள் பிரேக் பிடிக்காமல் பிக்கப் வேலிக்குள் பாய, நெற்றி கிழிந்து அப்பா நடந்தே வந்தார். அம்மா அழவில்லை. திருத்திய பிக்கப் மறுபடி சந்தைக்குப் புறப்பட்ட காலையில், என்னைத் தூக்கிக்கொண்டு முன்சீற்றில் ஏறினாள்.

“எங்கை வாறீர்?”

“சுன்னாகச் சந்தைக்கு. இனி நாங்களும் உங்களோடைதான்.”

அன்று சைக்கிள்காரர்கள்கூட எங்களை முந்திப் போனார்கள். என் வயிற்றை இறுக்கியிருந்த அம்மாவின் கை மட்டும் கடைசிவரை இளகவில்லை.