நான் விற்ற நாட்டு வண்டி

பழைய கார் விற்றுக் கொடுக்கிற தொழிலில் வண்டி பழுதானால் மெக்கானிக் இருக்கிறான், வாய் பழுதானால் சரி பண்ண ஆளே கிடையாது. இதில் அடிபட்டவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. திண்டிவனத்தில் நான் இருபது வருஷத்துக்கு மேல் புரோக்கர். விழுப்புரம் புரோக்கர் கண்ணாயிரத்தின் மேல் எனக்குக் கோபமும் அதே இருபது வருஷம். தொண்ணூற்று மூன்றில் என் அம்பாசடர் கிராக்கியிடம், "முனுசாமிக்கு ஸ்டெப்னி எது, ஸ்டியரிங் எதுன்னு தெரியாதுங்க" என்று சொல்லி இழுத்துக்கொண்டு போனவன் அவன்.

சாவி

புதுச்சேரியில் ஒருத்தர் பிரான்சுக்குக் குடிபோகிறார், காரை விற்கிறார் என்று தகவல். நான் போனபோது கண்ணாயிரம் அதைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தான். சிவப்பு நிறம். தவளை மாதிரி தரையோடு தரையாக உட்கார்ந்திருந்தது. இரண்டே கதவு. பெட்ரோலிலும் ஓடும், பேட்டரியிலும் ஓடுமாம். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கண்ணாயிரத்துக்குப் போகக் கூடாது, அவ்வளவுதான். அவன் வாயைத் திறப்பதற்குள் சாவியை வாங்கிவிட்டேன்.

அவன் சிரித்தான். "இது ஹைபிரிட்டுய்யா முனுசாமி. பொங்கலுக்குள்ள உன்னால விக்க முடியாது. என்னாண்டதான் வந்து நிப்ப, பாத்துக்கினே இரு."

செத்தாலும் அவனிடம் போய் நிற்பதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன்.

தக்காளி

கெடாரிலிருந்து ஏழுமலை என்ற விவசாயி மகனுக்குக் கார் பார்க்க வந்தார். பின்னால் மல்லாட்டை மூட்டை, அதான் வேர்க்கடலை, ஏறுமா என்று குனிந்து பார்த்தார். ஏறாது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். "ஹைபிரிட்டுங்க" என்றேன் பெருமையாக.

அவர் முகம் சுருங்கிப்போனது. "போன வருஷம் ஹைபிரிட் தக்காளி போட்டு நான் பட்டது போதும்பா. பாக்கப் பளபளன்னு இருக்கும், உள்ள ஒண்ணும் இருக்காது. நாட்டு வண்டியா வந்தா சொல்லியனுப்பு."

அன்றோடு அந்த வார்த்தையை விட்டேன். வண்டிக்குப் பின்னால் ஹைபிரிட் என்று ஒட்டியிருந்த எழுத்தையும் ஸ்குரூடிரைவரால் நெம்பி எறிந்தேன். யார் கேட்டாலும் "நாட்டு வண்டிங்க".

எலுமிச்சம்பழம்

பிரம்மதேசத்து ரைஸ்மில்காரர் ஒருவர் வாங்குவதாகச் சொல்லி, கோயில் வாசலில் பூஜை போட்டார். நாலு சக்கரத்துக்கும் பழம் வைத்தாயிற்று. பூசாரி கற்பூரம் காட்டினார். மில்காரர் பட்டனை அமுக்கினார். சத்தம் இல்லை. மறுபடி அமுக்கினார். அந்த வண்டி பேட்டரியில் சத்தம் போடாமல் உயிரோடு இருக்கும். முதல் அமுக்கில் வந்த உயிர் இரண்டாவதில் போய்விடும். இப்படி மொத்தம் ஏழு அமுக்கு.

"சாமி உத்தரவு குடுக்கல" என்றார் பூசாரி. "ஆன்லதான் இருக்குது, கியரப் போட்டு மிதிங்க!" என்று நான் கத்தினேன். மிதித்தார். நாலு பழமும் நசுங்க, வண்டி பூனை மாதிரி வந்து தேங்காய்த் தட்டின் மேல் ஏறி நின்றது. பூசாரி மதில்மேல் இருந்தார். எப்படி ஏறினார் என்று அவருக்கே தெரியவில்லை. அங்கிருந்தே தீர்ப்பு சொன்னார்: "சத்தமில்லாம வர்றது பேய்தாங்க, காரு கெடையாது."

போன்

பொங்கலுக்கு இரண்டு நாள் இருந்தது. பொம்மையார்பாளையத்தில் கடலோரம் கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிற அம்மா ஒருவர் வந்தார். சிவப்பு பிடித்தது, இரண்டு கதவு பிடித்தது, சத்தமில்லாதது ரொம்பவே பிடித்தது. "ஹைபிரிட்தானே?" என்றார்.

எனக்குக் கெடார் தக்காளி ஞாபகம் வந்துவிட்டது. "சேச்சே! நாட்டு வண்டிங்கம்மா. அந்தக் கலப்படமெல்லாம் நம்மாண்ட கெடையாது."

"அப்ப வேணாம். ஹைபிரிட்டுன்னு கேள்விப்பட்டுத்தான் வந்தேன்."

ஹைபிரிட்தான் என்று சத்தியம் செய்தேன். அரை நிமிஷத்தில் பேச்சு மாறுகிறவனை யார் நம்புவார்கள்? ஒட்டியிருந்த எழுத்தும் இல்லை. "வண்டியத் தெரிஞ்சவங்க வேற யாராவது சொல்லட்டும்" என்றார். தெரிந்த ஒரே ஆள் விழுப்புரத்தில் இருந்தான். பல்லைக் கடித்துக்கொண்டு போன் போட்டேன். அந்த அம்மாவும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தேன். அதுதான் தப்பு.

கண்ணாயிரம் நிதானமாகச் சொன்னான்: "சத்தியமா ஹைபிரிட்டுதாம்மா, தெகிரியமா வாங்குங்க. அந்த ஆளுதான் நாட்டு ரகம்."

வண்டி அன்றைக்கே போய்விட்டது. கண்ணாயிரத்துக்குச் சொல்ல வேண்டிய நன்றிதான் இன்னும் விலைபோகாமல் என்னிடமே நிற்கிறது.