யாகப்புவின் மகளுக்குப் பந்து விழாத நாட்கள்

பெடியன் என்று யார் சொன்னது? பக்கத்து வீட்டு விமலேஸ்வரி சொன்னா. விமலேஸ்வரி கண்டவாவோ? காணவில்லை. குழாயடியில் இரண்டு குடம் நிரம்புகிறதற்கிடையில் கட்டின கதை அது. யாகப்புவின் மகள் வவுனியாவில் படிக்கப் போன இடத்தில் ஒருத்தனோடு பழகினாளாம், அவன் கைவிட்டானாம், அதுதான் நடுத்தவணையில் பையோடு வந்து கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறாளாம். குழாயடியில் ஒன்றாய் இருந்தது மீன்வாடிக்குப் போக இரண்டாயிற்று. கோயிலடிக்கு வர, கொலிஜிலிருந்து நிற்பாட்டிப்போட்டார்கள் என்பதும் சேர்ந்துவிட்டது.

அப்படி ஒன்றும் இல்லை. அந்தப் பிள்ளைக்குப் பந்து விழவில்லை. அவ்வளவுதான்.

சிரிக்கிறவை சிரியுங்கோ. "பந்து விழாததுக்கோ ஒருத்தி சோறு தின்னாமல் கிடக்கிறாள்?" என்று கேட்டவையும் இருக்கினம். நாலு நாள் வெறும் வலையோடு கரைக்கு வருகிறவனைப் பார்த்து ஊரில் ஒருத்தரும் சிரிப்பதில்லை. அவன் பேசாமல் இருந்தால் பேசாமல் விட்டுவிடுவீர்கள். இவள் பொம்பிளைப் பிள்ளை என்றவுடன் பெடியன் வந்துவிட வேணுமோ?

நிதர்சனாவுக்கு இருபத்தொரு வயது. தகப்பன் யாகப்பு முல்லைத்தீவுக் கடற்கரையில் சின்னப் போட் ஒன்று வைத்துத் தொழில் செய்கிறவன். மகள் வவுனியாவில் ஒரு கொலிஜில் கொம்பியூட்டர் படிக்கிறாள். அங்கே நெளுக்குளத்தில், கூட விளையாடுகிற தேனுகா என்ற பிள்ளையோடு ஒரு அறையில் இருக்கிறாள். எட்டாம் வகுப்பிலிருந்து கூடைப்பந்து விளையாடுகிறாள். ஓட்டத்தில் பெரிய கெட்டிக்காரி என்று சொல்ல ஏலாது. ஆனால் தூரத்தில் வளைத்துப் போட்டிருக்கிற கோட்டுக்கு வெளியே நின்று எறிந்தால் பத்துக்கு ஆறு விழும். அங்கேயிருந்து விழுந்தால் மூன்று புள்ளி. அந்த ஒரு வேலைக்காகத்தான் கொலிஜ் அணியில் அவளை வைத்திருந்தது.

புரட்டாதியில் மாகாண அணிக்கு ஆள் எடுக்கிறதாக அறிவித்திருந்தார்கள், இருபத்திரண்டு வயதுக்குக் கீழே. அடுத்த வருசம் அவளுக்கு வயது போய்விடும். இந்த முறை தப்பினால் பிறகு இல்லை.

ஆவணியில் ஒரு மாத லீவு விட்டது. வீட்டுக்கு வந்தவள் இரண்டாம் நாளே தொடங்கிவிட்டாள்.

"ஒரு மாசம் எறியாட்டிக் கை மறந்துபோகும் அப்பா. இஞ்ச ஒரு ரிங் கூட இல்லை."

"எவ்வளவு உசரத்தில வேணும்?"

"பத்தடி."

யாகப்பு வேறொன்றும் கேட்கவில்லை. டவுனில் வெல்டிங் கடையில் கம்பி வளைப்பித்தான். உடைந்த போட்டிலிருந்து பலகை கழற்றினான். கடல் கொண்டுபோன பழைய வீட்டின் சீமெந்து நிலம் வளவுக்குள் இன்னும் கிடக்கிறது. அதன் ஓரத்தில் இரும்புக் குழாயை நட்டு, பலகையையும் ரிங்கையும் பூட்டி, கீழே தொங்குகிற வலையையும் தானே நைலோன் நூலில் பின்னிப் போட்டான்.

அளந்ததும் அவன்தான். கடலுக்குப் போகிறவன் ரேப், அதுதான் அளவுநாடா, பிடித்து அளப்பானோ? இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம், அது ஆறடி. முழங்கையிலிருந்து விரல் நுனி மட்டும் ஒரு முழம், அது ஒன்றரை அடி. யாகப்பு கயிற்றில் ஒரு பாகம் பிடித்தான், மேலே இரண்டு முழம் பிடித்தான், அதற்கும் மேலே தன்ர பாதத்தை வைத்து ஓரடி பிடித்தான். பத்தடி. இருபத்தைந்து வருசமாக வலையும் கயிறும் அளந்த கை அது. ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை.

அந்த மாதம் முழுக்க ஒரு நாளைக்கு இருநூறு எறிந்தாள். முதலில் பத்துக்கு ஐந்து விழுந்தது, பிறகு ஏழு, கடைசிக் கிழமை பத்துக்கு ஒன்பது. கரையால் வருகிறவர்கள் வாசல் படலையில் நின்று பார்த்தார்கள். யாகப்பு மீனைத் தரம் பிரித்துக்கொண்டே "போடு, போடு" என்பான். மாகாண அணி கைக்குள் வந்த மாதிரித்தான் பிள்ளை பஸ் ஏறினாள்.

வவுனியாவில் முதல்நாள் பயிற்சியில் இருபதுக்கு மூன்று விழுந்தது. மறுநாள் இரண்டு. பந்து போகும், ரிங்கின் முன்கம்பியில் 'டங்' என்று அடிக்கும், அவளிடமே திரும்பி வரும்.

கோச் பிரதாபன் சேர் முதலில் பகிடிதான் விட்டார். "என்ன, வீட்டில நண்டும் கணவாயும் தின்று கை பாரிச்சுப் போச்சோ?" ஒரு கிழமை போக அந்தப் பகிடி நின்றது. இன்னொரு கிழமை போக, "நீ தூரத்தில இருந்து எறியாதை. பந்து வந்தால் தேனுகாவிட்டக் குடு" என்றார்.

பிள்ளை என்னதான் செய்யவில்லை? முழங்கையை உள்ளே இழுத்தாள். தலைமயிரை இறுக்கிக் கட்டினாள். பழைய சப்பாத்தைத் தேடி எடுத்துப் போட்டாள். அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினாள். வெள்ளிக்கிழமை மச்சம் சாப்பிடாமல் விட்டாள், சாப்பிட்டால்தானோ விழும் என்று அடுத்த வெள்ளி சாப்பிட்டும் பார்த்தாள். ஒன்றும் சரிவரவில்லை. கோட்டில் நின்றால் ரிங் சுருங்கித் தேத்தண்ணிக் கோப்பை அளவுக்கு வந்துவிடும்.

பரந்தனிலிருந்து வந்த ஒரு கழகத்தோடு விளையாடினபோதுதான் பெரிய வினை நடந்தது. கடைசி நிமிசம், இரண்டு புள்ளி பின்னுக்கு. பந்து இவளிடம் வந்தது. முன்னால் ஒருத்தரும் இல்லை. எறிந்திருக்க வேணும். எறியவில்லை. தேனுகாவுக்குத் தள்ளினாள். தேனுகா அதை எதிர்பார்க்கவில்லை, பந்து அவளுடைய தோளில் பட்டு வெளியே போனது.

"ஏன்டி எறியேல்லை?" தேனுகா எல்லாருக்கும் முன்னால் கத்தினாள். "விழாட்டிப் பரவாயில்லை. எறியாமல் என்னத்துக்கு அதில நிண்டனி?"

நிதர்சனா பையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். செவ்வாய்க்கிழமை காய்ச்சல் என்று பொய் சொல்லிவிட்டு மாங்குளத்தில் பஸ் மாறி வீட்டுக்கு வந்தாள். சனிக்கிழமை ஆள் எடுக்கிற நாள். அதுதான் அந்தச் சாத்தின கதவு. இப்ப விளங்குதோ?

தாய் கண்ணூறு என்று செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டாள். விமலேஸ்வரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "பிள்ளை ஒண்டும் சொல்லேல்லையோ? இந்தக் காலத்தில தாய்மார்தான் கவனமாய் இருக்க வேணும்" என்று தேன் தடவினா.

வியாழன் காலை யாகப்பு கரையிலிருந்து வந்து கதவில் தட்டினான். "எழும்பி வா. ரெண்டு போட்டுப் பாப்பம்."

போட்டாள். விழுந்தது. அடுத்ததும், அதற்கடுத்ததும் விழுந்தன. பத்துக்கு ஒன்பது. யாகப்பு கை தட்டினான். பிள்ளைக்கோ பயம் பிடித்துவிட்டது. இங்கே விழுகிறது, அங்கே ஏன் விழவில்லை? அப்படியென்றால் பிழை கையில் இல்லை, தலைக்குள்தான். தலைக்குள் இருப்பதை எப்படித் திருத்துகிறது?

சினத்தில் ஓடிப்போய் ரிங்குக்குக் கீழே துள்ளி வலையை எட்டி அடித்தாள். கை வலைக்குள் பாதிவரை போய்விட்டது. அப்படியே நின்றாள். வவுனியாவில் எவ்வளவு துள்ளினாலும் வலை நுனிகூட விரலில் படாது. இவ்வளவு நாளும் அப்பா வலையை நீட்டிப் பின்னிவிட்டார் என்றுதான் நினைத்திருந்தாள். தாயின் தையல் பெட்டியிலிருந்து ரேப்பை எடுத்து வந்து, கதிரை வைத்து ஏறி அளந்தாள். ஒன்பதடி நாலு அங்குலம்.

"எட்டு அங்குலம் குறையுது அப்பா."

"போடி. என்ர பாகம் பிழைக்காது. இந்தக் கையால அளந்த வலை எது பிழைச்சது, சொல்லு பாப்பம்?"

"உங்கட வலையெல்லாம் உங்கட கைக்குச் சரி. வவுனியா ரிங் உங்கட கையைக் காணேல்லையே."

யாகப்பு ரேப்பை வாங்கிப் பார்த்தான். பிறகு இரண்டு கையையும் விரித்து மகளைக் கொண்டு அளப்பித்தான். ஆறடிக்கு ஐந்து அங்குலம் குறைவு. மிச்சத்தை முழமும் பாதமும் தின்றிருந்தன. விரித்த கையை மடக்க மறந்து நின்றான் மனிசன்.

"அப்ப நானோ பிள்ளை உன்ர பந்தைக் கெடுத்தது?"

"இல்லை அப்பா," என்றாள். பொய். அதை அவனும் அறிவான்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதேயுங்கோ. யாகப்பு அன்றே இரண்டு பேரைக் கூட்டி வந்து குழாயைக் கிளப்பி, அடியில் கல்லு வைத்து, ரேப்பால் அளந்து, பத்தடியில் நட்டான். வெள்ளி விடிய அவள் எறியத் தொடங்கினாள். இருபதுக்கு நாலு. பிறகு ஏழு. தேறுகிறது என்று நினைக்க, திரும்ப ஐந்து. ஒரு மாதம் பழகின கை இரண்டு நாளில் மறக்குமோ? காரணம் தெரிந்ததால் பயம் போகவுமில்லை. காரணம் தெரிந்தும் விழாவிட்டால் இனி எதைச் சொல்லித் தப்புகிறது என்ற புதுப் பயம் வந்தது.

விமலேஸ்வரி வேலியில் நின்று எண்ணினா. "அதுவும் வெளியில. இதுவும் வெளியில."

"உங்கட கறி அடிப்பிடிக்குது மாமி," என்றாள் பிள்ளை, திரும்பிப் பாராமல்.

பின்னேரம் பிரதாபன் சேரின் குறிப்பு போனில் வந்தது: 'நாளைக்கு வாறியோ இல்லையோ? இல்லாட்டி வேற ஆளைப் போடவேணும்.' எழுதினாள், அழித்தாள். ஏலாது என்று எழுதினாள், அதையும் அழித்தாள். கடைசியில் 'வாறன் சேர். ஆனா தூரத்திலயிருந்துதான் எறிவன்' என்று அனுப்பினாள். அதற்குச் சேர் ஒன்றும் எழுதவில்லை. போனை மடியில் வைத்துக்கொண்டு பொழுதுபடும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை விடிய யாகப்பு கடலுக்குப் போகவில்லை. குசினி வாசலில் குந்தியிருந்து, அவள் சாப்பிடாமல் வைத்த புட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிள்ளை இழுத்த பையின் சிப் இரண்டுமுறை சிக்கியது. தாய்தான் பூட்டிக் கொடுத்தாள்.

"காய்ச்சல் எண்டு ஏற்கெனவே சொன்னதுதானே. அப்பிடியே விட்டால் என்ன?" என்றாள் தாய். "அங்க எல்லாருக்கும் முன்னால விழாட்டி?"

நிதர்சனா சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துத் திரும்பவும் கட்டினாள். "விழாட்டி விழாதுதான் அம்மா," என்றாள். "எறியாமல் மட்டும் வரமாட்டன்."

ஆறு மணி பஸ் வளைவில் ஹோர்ன் அடித்தது. பையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவைத் தாண்டிப் போனாள்.