கை ஆறப்போட்ட நாட்கள்

நேற்று மத்தியானம் நண்டு உடைத்துக்கொண்டிருந்தபோது போனில் ஏதோ மெசேஜ் வந்த சத்தம் கேட்டது. முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு விரலை வைத்தால், திறக்கவே மாட்டேன் என்கிறது. இன்னொரு விரலை வைத்தேன். அதற்கும் அசையவில்லை. கடைசியில் பிழிந்து போட்ட எலுமிச்சம்பழத் தோலை எடுத்து விரலில் நன்றாகத் தேய்த்துக் கழுவிய பிறகுதான் மனசு இரங்கியது. திறந்து பார்த்தால், கடன் வேண்டுமா என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். இதற்கா இவ்வளவு பாடு!

விரலில் இருந்த எலுமிச்சை வாசனை மட்டும் போகவில்லை. கல்யாணமாகி உச்சிப்புளிக்கு வந்த பிறகு, அந்த வாசனையை மீனோடும் நண்டோடும் சேர்த்துத்தான் முகர்கிறேன். அதற்கு முன்னால் எனக்கு அது பணத்தின் வாசனை. சிரிக்காதீர்கள், சம்பளம் வாங்கின வேலை அது.

அபிராமம் பக்கத்துக் கிராமங்களுக்கு மொபெட்டில் போய், கைரேகை வைத்துப் பேங்க் பணம் எடுத்துக் கொடுக்கிற வேலை. தோளில் ஒரு பை, பைக்குள் மிஷின், மிஷின் கூடவே அரை டஜன் எலுமிச்சம்பழம். டிகிரி படித்துவிட்டு எலுமிச்சம்பழத்தோடு அலைகிறவளைப் பார்த்தால் மந்திரவாதி என்றுதானே நினைப்பார்கள். ஊரில் எனக்குப் பெயரே ரேகைக்காரப் பிள்ளை. பழம் எதற்கென்றால், கரியும் அழுக்கும் ஏறிய விரலை மிஷின் ஏற்காது. தேய்த்துக் கழுவினால் சில சமயம் ஏற்கும். சில சமயம் என்ன செய்தாலும் ஏற்காது.

அப்படி என்ன செய்தாலும் ஏற்காத கைதான் முத்துராக்கு அக்காவின் கை.

அவளுக்கு நாற்பது வயதுதான் இருக்கும், பார்த்தால் சொல்ல மாட்டீர்கள். புருஷன் காளிமுத்துவும் அவளும் கரிமூட்டம் போடுகிறவர்கள். எங்கள் பக்கத்தில் மழை பெய்தால் மிளகாய், பெய்யாவிட்டால் கருவேலம். அந்த முள்ளை வெட்டி அடுக்கி, வைக்கோல் போட்டு, மண்ணைக் குழைத்துப் பூசி, உள்ளே தீயை விட்டு நாள்கணக்கில் வேக வைப்பார்கள். பூச்சில் எங்காவது வெடிப்பு விட்டால் ஓடிப்போய் ஈரமண் அப்ப வேண்டும். வெந்ததும் தண்ணீர் தெளித்து அணைத்து, சூடு ஆறுவதற்குள் கையாலேயே கரியைப் பொறுக்க வேண்டும். இதற்கு மேல் தண்ணீர் எடுப்பது, சோறு பொங்குவது, பாத்திரம் கழுவுவது, பள்ளிக்கூடம் போகிற மகளுக்குத் தலை பின்னுவது. உள்ளங்கை கரம்பை மண்ணாய் வெடித்துக் கிடக்கும். ரேகை எங்கே இருக்கும்?

பெண்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் போடுகிற ஆயிரம் ரூபாய் அவள் கணக்கிலும் விழுந்தது. விழுந்து என்ன, எடுக்க முடியவில்லை. முதல் மாதம் பத்து விரலையும் வைத்துப் பார்த்தோம். இரண்டாம் மாதம் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு வந்தாள். ஏடிஎம் கார்டு இருந்தால் எடுக்கலாமே என்பீர்கள். அதற்கு மனுக் கொடுத்து அவள் கால் தேய்ந்ததுதான் மிச்சம்.

"பத்து வெரலு இருந்தும் ஒண்ணுமே என்னது இல்லைங்குதே தாயி" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது.

மூன்றாம் மாதம் அவளுடைய தாய்மாமன் செத்துப்போனார். துட்டி வீட்டுக்குப் போனவள், அங்கே ஒரு வேலையும் தொடாமல் மூலையில் உட்கார்ந்து அழுதுவிட்டு ஒரு வாரம் கழித்துத் திரும்பினாள். வந்து விரலை வைத்ததும் மிஷின் மறுபேச்சுப் பேசாமல் பச்சை விளக்கைக் காட்டியது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"வேல செய்யாம இருந்தா ரேகை தன்னால ஏறிக்கிருது போலக்கா" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

அவள் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "அத ஒரு எட்டு வீட்டுக்கு வந்து அவருட்டச் சொல்லு தாயி" என்றாள்.

போனேன். காளிமுத்து அண்ணன் நல்ல மனிதர்தான், குடி கிடையாது, கை ஓங்க மாட்டார். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து ஒரு குடம் தண்ணீர் எடுத்தவரில்லை. எடுக்கலாம் என்று அவருக்கு யாரும் சொன்னதுமில்லை. நான் பெரிய ஆபீசர் மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டு, பணம் எடுக்கிறதுக்கு முன்னால் மூன்று நாளைக்கு அக்கா கரி, மண், விறகு எதையும் தொடக்கூடாது என்றேன்.

"சரி பாப்பா. தண்ணி எடுக்கலாம்ல?"

"குடம் உரசும்ணே. எடுக்கக்கூடாது."

"ஏனம் விளக்க?"

"சோப்பு ஆகாதுண்ணே."

அவர் யோசித்தார். "சோறாவது பொங்கலாமா?"

உண்மையில் பொங்கலாம். முத்துராக்கு அக்காவைப் பார்த்தேன். அவள் வாசலில் நின்ற கோழியையே பார்த்துக்கொண்டிருந்தாள், தனக்கும் இந்தப் பேச்சுக்கும் சம்பந்தமில்லை என்பதுபோல.

"அடுப்புச் சூடு மிஷினுக்கு ஆகவே ஆகாதுண்ணே" என்றேன்.

"அப்பிடியா கேக்குது அது?"

"டெல்லி மிஷின்ணே. ரொம்பக் கறாரு."

என் வாழ்க்கையில் இவ்வளவு சுத்தமாகப் பொய் சொன்னதே இல்லை. இன்று வரைக்கும் அதற்காக ஒரு சொட்டு வருத்தமும் இல்லை.

அடுத்த மாதம் அவர் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கித் தண்ணீருக்குப் போனாராம். குழாயடியில் நின்ற பெண்களெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்களாம். "ஏலே காளி, ஒனக்கும் ரேகை எடுக்கப் போறாகளா?" என்று சேக்காளிகள் கேட்டதற்கு, "ஆயிரம் ரூவா சும்மா வருமாடா?" என்றாராம். இதில் வேடிக்கை என்னவென்றால், சிரித்த பெண்களே மறுவாரம் என் மொபெட்டை மறித்துக்கொண்டு, "ஏத்தா, எங்க வீட்டு ஆம்பளைக்கும் வந்து அந்தச் சேதியச் சொல்லிட்டுப் போ" என்றார்கள். ஏழெட்டு வீட்டில் சொன்னேன். அதற்கு அவர்களே ஒரு பெயரும் வைத்துவிட்டார்கள், கை ஆறப்போடுகிற நாள் என்று. ஒரு வீட்டில் மட்டும் ரேகை நன்றாகவே விழுந்தது. அந்த அம்மாளுக்கு நானே மிஷினை லேசாகச் சாய்த்துப் பிடித்து ஒரு தடவை விழாமல் பண்ணினேன்.

ஆயிரம் ரூபாயால் குடும்பமே தலைகீழாக மாறிவிட்டது என்று சொன்னால் நீங்கள் நம்பக்கூடாது. சிலிண்டர், மகளுக்குச் செருப்பு, சோப்பு, மாத்திரை. வந்த தடம் தெரியாமல் போய்விடும். முதல் பணத்தில் அவள் சீனிச்சேவு வாங்கினாள். பஸ் நிழற்குடையில் எனக்கும் கொஞ்சம் கொடுத்துவிட்டு மிச்சத்தைத் தானே தின்றாள். வீட்டுக்குக் கொண்டு போகலையா அக்கா என்றதற்கு, "இருபது வருசமாக் கொண்டுக்கிட்டுத்தேன் போறேன்" என்றாள். யாரிடமும் கேட்காமல் வாங்கித் தின்பது என்றால் எப்படியிருக்கும் என்று அன்றைக்குத்தான் அவள் முகத்தில் பார்த்தேன்.

ஆனால் அவளை மாற்றியது அந்த மூன்று நாட்கள்தான். பகலில் படுத்துத் தூங்கினாள். பிள்ளை பெற்றபோது படுத்ததோடு சரி, அதன் பிறகு பகலில் முதுகைத் தரையில் போட்டதே இல்லையாம். "பகல்ல நம்ம வீடு எப்பிடி இருக்கும்னு இப்பத்தேன் தாயி பாக்குறேன். ஓட்டு ஓட்டையில வெயிலு வட்ட வட்டமா எறங்குது" என்றாள். இருமல் குறைந்தது. மகளுக்குக் கதை சொன்னாள். ஒருமுறை பணம் எடுத்த கையோடு என்னுடன் பஸ் ஏறித் தனுஷ்கோடிக்கு வந்தாள். இந்த ஜில்லாவிலேயே பிறந்து வளர்ந்தவள், அன்றைக்குத்தான் கடலைப் பார்க்கிறாள். ரொம்ப நேரம் நின்று பார்த்துவிட்டு, "இம்புட்டுத் தண்ணி கெடக்கு, ஒரு கொடம் ஒலைக்கு ஆகாது" என்றாள். பிறகு மணலில் உட்கார்ந்தாள். எழுப்பவே முடியவில்லை.

எனக்குக் கல்யாணம் நிச்சயமான சமயத்தில் புது மிஷின் கொடுத்தார்கள். விரலே வேண்டாம், முகத்தைக் காட்டினால் போதும். அப்பாடா என்றிருந்தது எனக்கு. ரேகை விழவில்லை என்று யாரையும் திருப்பி அனுப்ப வேண்டாம், ஏச்சு வாங்க வேண்டாம். புத்திகெட்டவள், சந்தோஷமாக அதைத் தூக்கிக்கொண்டு நேரே மூட்டத்துக்கே போனேன்.

அவள் கரி பொறுக்கிக்கொண்டிருந்தாள். புருவத்தில் சாம்பல், மூக்கில் கரி, கண் மட்டும் தெரிகிற முகம். வேடிக்கையாக மிஷினை முகத்துக்கு நேரே பிடித்தேன். கண்ணைச் சிமிட்டுவதற்குள் பச்சை டிக் விழுந்துவிட்டது. பணம் ரெடி.

"அட! இந்தக் கோலத்துலயும் என்னையத் தெரியுதா இதுக்கு?" என்று வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள்.

காளிமுத்து அண்ணன் வந்து எட்டிப் பார்த்தார். வஞ்சகமில்லாமல்தான் கேட்டார். "அப்ப இனிமே கைய ஆறப்போட வேணாம்ல பாப்பா?"

அவள் சிரிப்பு நின்றது. என்னைப் பார்த்தாள். நானும் தவித்துப்போய், முகத்துக்கும் சூடு ஆகாதுண்ணே, புகை படக்கூடாதுண்ணே என்று என்னென்னவோ உளறினேன். அவர் மிஷினைக் காட்டினார். "இந்தா, கரியோடதான எடுத்துச்சு!"

எடுத்ததுதான். எல்லார் கண் முன்னாலும் எடுத்தது. முத்துராக்கு அக்கா ரூபாயை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். "சரி தாயி, மூட்டம் காந்துது, தண்ணி தெளிக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். தள்ளுவண்டியும் அந்த வாரமே அவள் கைக்குத் திரும்பிவிட்டதாகச் சொன்னார்கள். மற்ற வீடுகளிலும் அதே கதைதான்.

நேற்று நண்டை அப்படியே போட்டுவிட்டு அவளுக்குப் போன் செய்தேன். பணம் ஒழுங்காக வருகிறதாம். இப்போதெல்லாம் ஒருதடவைகூடத் தவறுவதில்லையாம். மகள் பெரிய பரீட்சை எழுதப்போகிறாளாம். பேச்சுக்கு நடுவே இருமல் வந்து வந்து மறித்தது. கை ஆறப்போடுவது என்று ஒரு வார்த்தை இருந்ததே, அது ஊரில் யார் வாயிலும் இப்போது வருவதில்லையாம்.

"பகல்ல செத்த நேரம் படுக்கலாம்ல அக்கா?" என்றேன்.

"என்னன்னு சொல்லிப் படுக்க, தாயி?" என்றாள்.