பதினோரு பை கட்டிய இஞ்சின்

"ஏழு... எட்டு... அட, பேசாதீங்க தம்பி. எண்ணிக்கை விட்டுப்போகும்."

நான் வாயே திறக்கவில்லை. காப்பிக் கோப்பையோடு எதிர்வீட்டு கேட்டில் நின்றது ஒன்றுதான் நான் செய்த குற்றம். அந்தோணியம்மாள் அக்கா தன் பள்ளி வேனின் இஞ்சினுக்குப் பை கட்டிக்கொண்டிருந்தார். கடையில் ஐஸ் டீயைப் பார்சலாக, அதாவது தே ஆயிஸ் பொங்குஸ், சொன்னால் கயிறு கோத்த பிளாஸ்டிக் பையில் ஊற்றித் தருவார்களே, அந்தப் பைதான். குடித்து முடித்ததும் கழுவி, கொடியில் காயப்போட்டு, எடுத்து வைத்துக்கொள்கிறார். தண்ணீர் படக்கூடாத ஒவ்வொரு ஒயர் முனைக்கும் ஒன்று. கயிற்றை இழுத்தால் பையின் வாய் இறுகிக்கொள்ளும்.

எண்ணுவதற்குக் காரணம் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு பையை அவிழ்க்க மறந்து ஓட்டிப் போய்விட்டார். அது உருகிப் புகைக்குழாயில் ஒட்டி, வேன் முழுக்க நாற்றம். இரண்டு பிள்ளைகள் வாந்தி எடுத்தார்கள். பெற்றோர்களின் வாட்ஸ்அப்பில் ஒரு வாரம் அக்காவின் தலைதான் உருண்டது. "பதினோரு பை கட்டுனா பதினோரு பை கைக்கு வரணும் லா. ஜெபமாலைகூட நான் இவ்ளோ ஒழுங்கா எண்ணுனதில்ல."

அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது. மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், உலு திராம் ஊரில், எங்கள் வரிசை வீடுகளில் ஐந்து மணிக்கு முன்னால் விளக்கு எரிவது அவர் வீட்டில்தான். பதினான்கு பிள்ளைகளை இரண்டு பள்ளிகளில் விட்டு, மதியம் திரும்ப அழைத்து வருகிறார். ஜொகூரில் வெள்ளியும் சனியும் விடுமுறையாக, ஞாயிறு வேலைநாளாக இருந்த வருடங்களில் வெள்ளிக்கிழமை இஞ்சின் கழுவினார். விடுமுறை மாறியதும் சனிக்கிழமைக்கு வந்துவிட்டார். எது மாறினாலும் இது மட்டும் விடாது போலிருக்கிறது.

அந்த வேனில் ஓட்டுநர் இருக்கையைத் தூக்கினால் அடியில் இஞ்சின். வாரம் முழுக்க எதன் மேல் உட்கார்ந்து வெந்தாரோ, அதற்குள்ளேயே தலையை விட்டுத் தேய்க்க வேண்டும். டீசலில் நனைத்த பிரஷால் ஒரு முறை, இடுக்குகளுக்குப் பழைய பல் பிரஷ், பிறகு சோப்புத் தண்ணீர். குழாயை வேகமாகத் திறக்க மாட்டார், குவளையால்தான் ஊற்றுவார். நடுவே நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்து, "அலமாக்" என்று ஒரு பெருமூச்சு. கடையில் கொடுத்துக் கழுவலாமே என்று ஒரு தடவை கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். "கடைக்காரன் பளபளன்னு ஆக்கிக் குடுப்பான். எண்ணெய் எங்க ஒழுகுதுன்னு சொல்வானா?"

எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணில் கறுப்பு போவதில்லை. மாதா கோயில் சாயங்காலப் பூசையில் எல்லாரும் கை நீட்டி நன்மை அப்பம் வாங்க, அக்கா மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நாக்கை நீட்டுகிறார்.

ஒழுகல் பாடம் அவர் கணவர் லூயிஸ் அண்ணன் சொல்லிக்கொடுத்தது. பேருந்துப் பட்டறையில் முப்பது வருடம் மெக்கானிக்காக இருந்தவர். இரண்டு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் பேச்சும் போயின. மிஞ்சியவை "ம்", "இல்ல" என்ற இரண்டு சொற்கள். பையில் பொத்தான் வைத்த காக்கிச் சட்டையோடு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். அக்கா கழுவி முடித்து, பதினோரு பைகளையும் அவிழ்த்து எண்ணி, இஞ்சினைக் கால் மணி நேரம் ஓடவிட்டு நிறுத்துவார். பிறகு புகைக்குழாய்க்கு மேலே உள்ள மூட்டில் ஒரு வெள்ளை டிஷ்யூவை ஒற்றி எடுத்து அண்ணனிடம் காட்டுவார். டிஷ்யூ வெள்ளையாக இருந்தால் "ம்" வரும். அந்த "ம்" இல்லாமல் வேன் தெருவில் இறங்காது.

போன சனிக்கிழமை டிஷ்யூவில் கட்டைவிரல் நகமளவு பழுப்பு இருந்தது.

அக்கா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி துடைத்தார். மறுபடியும் பழுப்பு. திங்கட்கிழமை காலை வேனுக்கு அரசாங்கப் பரிசோதனை. அதைத் தவறவிட்டால் அடுத்த தேதிக்கு மூன்று வாரம் ஆகும், அதற்குள் பெர்மிட் முடிந்துவிடும். பதினான்கு பிள்ளைகளும் இதே பக்கம் பள்ளி வேன் ஓட்டும் கனகராஜின் புது வேனுக்குப் போய்விடுவார்கள், திரும்பி வரமாட்டார்கள். பட்டறையோ திங்கட்கிழமைதான் திறக்கும்.

"இல்ல" என்றார் அண்ணன்.

"சின்னதா கசியுதுங்க. கழுவி வச்சிருக்கேன், பரிசோதனைல யாருக்கும் தெரியாது. பாஸாகட்டும், புதன்கிழமை கேஸ்கெட் மாத்திடுறேன்."

"இல்ல."

"அதுவரைக்கும் ரெண்டு நாள்தானே ஓட்டப்போறேன்!"

அண்ணன் இடது கையால் டிஷ்யூவை வாங்கினார். அந்தப் பழுப்பை விரலால் தேய்த்தார். பிறகு வேனின் பின்பக்கம் கையை நீட்டினார். அங்கே இருக்கையில் யாரோ ஒரு பிள்ளை விட்டுப்போன தண்ணீர் பாட்டில் கிடந்தது. கொதிக்கிற புகைக்குழாயில் எண்ணெய் சொட்டினால் தீப்பிடிக்கும் என்று எனக்கே தெரியும். ஆனாலும் அந்த மனிதர் மேல் எனக்குக் கோபம் வந்தது.

"அப்ப நம்ம சாப்பாட்டுக்கு என்னங்க பண்றது? அதையும் சொல்லுங்க." அக்காவின் குரல் உடைந்தது. அண்ணனின் கண் கலங்கியது. அக்கா வேன் படியில் உட்கார்ந்தார். அழத்தான் வந்தது, அழவும் அவருக்குத் தெம்பில்லை. பதினோரு பைகளும் மடியில் கிடந்தன. இன்னொரு தடவை எண்ணினார்.

பிறகு எழுந்து, கையைப் பாவாடையில் அழுந்தத் துடைத்து, வேன் சாவியை உருவினார். அதை லூயிஸ் அண்ணனின் சட்டைப்பையில் போட்டு, பொத்தானையும் மாட்டிவிட்டார்.